ஜிப்ஸியில் 235 டயர் லீஃப் ஸ்பிரிங் பட்டையில் உரசுகிறது. ஸ்பேசர் எத்தனை மி.மீ. போடலாம்?

மழைக்காட்டு ஜிப்ஸி (வால்பாறை) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 2004 மாருதி ஜிப்ஸி கிங், சாஃப்ட் டாப். எஸ்டேட்டில் பீல்டு ஆபீசராக இருக்கிறேன், தினமும் 30 கிலோமீட்டராவது காட்டு வழியில் ஓடும். மாதம் இரண்டு முறை ஆழியாறு இறங்கிப் பொள்ளாச்சி போய் வருவேன். 40 கொண்டை ஊசி வளைவு என்பதால் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்காமல் ஒரு நாளும் முடியாது.

கம்பெனி டயர் 205/70 ஆர்15. போன மாதம் அதைக் கழற்றிவிட்டு 235/75 ஆர்15 போட்டேன். தெரிந்தவர் ஒருவர் வண்டியை விற்கும்போது நல்ல நிலையில் இருந்த ஐந்து டயரைக் கொடுத்தார். சேற்றில் பிடிப்பு பிரமாதம், மழையில் பழைய டயர் வழுக்கிய ஏற்றத்தில் இப்போது இரண்டாவது கியரிலேயே ஏறுகிறது. டயரில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

பிரச்சினை ஒடிக்கும்போதுதான். இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்தால் முன் டயரின் உள் பக்கம் லீஃப் ஸ்பிரிங் பட்டையில் உரசுகிறது. நேற்று வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். பட்டையின் விளிம்பில் ஒரு விரல் நீளத்துக்குத் துரு போய் வெள்ளிக்காசு மாதிரி மினுங்குகிறது. டயரின் உள் சுவரில் அச்சடித்த எழுத்துகள் அந்த வட்டத்தில் மட்டும் வழவழவென்று அழிந்துவிட்டன. இப்படியே விட்டால் பக்கச்சுவர் கிழிந்துவிடும் என்று பயமாக இருக்கிறது.

ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் ஸ்பேசர் என்கிற தடித்த வளையம் வைத்து டயரை வெளியே தள்ளலாம் என்கிறார்கள். எனக்குச் சொன்ன வழிகள் இவை. கோவையில் ஒரு கடையில் 10 மி.மீ. பிளேட் இருக்கிறது, அப்படியே சொருகினால் போதும், இருக்கிற ஸ்டட்டிலேயே (ஹப்பில் நீட்டிக்கொண்டிருக்கிற வீல் போல்ட்) நிற்கும் என்றார்கள். ஆன்லைனில் 30 மி.மீ. ஸ்பேசர் பார்த்தேன், அதற்குத் தனியாக ஸ்டட் இருக்கிறது. நண்பர் ஒருவர் லேத்தில் கொடுத்துக் கடைந்துகொள், பாதிக் காசு என்கிறார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ஸ்டீயரிங்கில் லேசாக ஆட்டம் வருகிறது. டயர் மாற்றுவதற்கு முன்பே கொஞ்சம் இருந்தது. ஸ்பேசர் போட்டு அகலமானால் அதுவும் நின்றுவிடும் என்று சொல்கிறார்கள், உண்மையா? மனைவியும் பையனும் ஏறுகிற வண்டி. அவசரப்பட்டு ஏதாவது செய்துவிடக் கூடாது என்றுதான் கேட்கிறேன்.


540 பொள்ளாச்சி எழுதியது:

தம்பி, என் பழைய எம்எம்540 ஜீப்பில் ஒன்றரை அங்குல ஸ்பேசர் மூன்று வருடமாக ஓடுகிறது. ஒரு தொந்தரவும் இல்லை. ஒரு ஜோடி கூடுதலாக வீட்டில் கிடக்கிறது. ஜிப்ஸிக்கும் அதே 5 துளை, அதே 139.7 பிசிடிதானே (துளை வட்டத்தின் விட்டம்)? பொள்ளாச்சி வரும்போது வந்து வாங்கிக்கொள்ளுங்கள், காசெல்லாம் வேண்டாம்.


410 வைடுட்ராக் (கோத்தகிரி) எழுதியது:

540 அண்ணா, கொடுக்க நினைத்த மனசு பெரிது. ஆனால் தம்பி, அதை வாங்காதீர்கள். துளை வட்டம் ஒன்றுதான், மரை வேறு. ஜீப் வழி வந்த பழைய வண்டிகளில் ஸ்டட் அரை அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. ஜிப்ஸியில் எம்12, 1.25 பிட்ச். 12.7-க்கும் 12-க்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஜீப் நட்டை ஜிப்ஸி ஸ்டட்டில் போட்டால் கொஞ்ச தூரம் வழுக்கிக்கொண்டு போகும், இறுகின மாதிரியும் இருக்கும். மரையின் நுனி மட்டும்தான் பிடித்துக்கொண்டிருக்கும். நடு ஓட்டையும் அதே அளவு இருக்காது.

இப்போது என் கதையைச் சொல்கிறேன். என்னிடம் 1995 எம்ஜி410டபிள்யூ ஜிப்ஸி இருக்கிறது. ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் நானும் இதே மாதிரி சொருகுகிற பிளேட்தான் போட்டேன், 8 மி.மீ. ஒரு பட்டறையில் போட்டுக் கொடுத்தார்கள். அப்போது பின்பக்க பிரேக் ட்ரம் துருவாக இருக்கிறதே என்று அழகுக்கு ட்ரம் முழுக்க சில்வர் பெயிண்டும் அடித்தார்கள். வீல் உட்காரும் முகத்திலும் சேர்த்து அடித்துவிட்டார்கள். நானும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

பத்து நாள் கழித்துக் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது அரவேணு தாண்டிப் பின்னால் இடப்பக்கம் டக் டக் என்று சத்தம். கல் சிக்கியிருக்கும் என்று நினைத்து இரண்டு வளைவு ஓட்டிவிட்டேன். மூன்றாவது வளைவில் வண்டியின் பின்பக்கம் தனியாக நகர்கிற மாதிரி இருந்தது. நிறுத்திப் பார்த்தால் ஐந்து ஸ்டட்டில் இரண்டு ஒடிந்து போயிருக்கின்றன, மற்ற மூன்று நட்டும் கையாலேயே சுற்ற வருகின்றன. வீலைக் கழற்றியபோது ரிம்மின் துளைகள் முட்டை வடிவமாகிவிட்டிருந்தன. பிளேட்டுக்கும் ட்ரம்முக்கும் நடுவில் அந்தச் சில்வர் பெயிண்ட் மாவு மாதிரி பொடிந்து கிடந்தது. விரலை வைத்துத் தேய்த்தால் திருநீறு மாதிரி வந்தது. பின் சீட்டில் என் அம்மா உட்கார்ந்திருந்தார். அந்தப் பொடியை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

பெயிண்ட் நசுங்கினால் நட்டின் இறுக்கம் அப்படியே போய்விடும். அதோடு பிளேட் மரையில் பாதியைத் தின்றுவிட்டது. இரண்டும் சேர்ந்ததால் வந்த வினை. அதனால் 10 மி.மீ. பிளேட்டை மறந்துவிடுங்கள். மற்றதை லேத்துக்காரர் அண்ணன் விவரமாகச் சொல்வார், அவரைக் கூப்பிட்டிருக்கிறேன்.

ஆட்டத்தைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். ஸ்பேசர் அதை நிறுத்தாது, கூட்டும். இந்த வண்டியில் ஆட்டம் என்றால் முதலில் பார்க்க வேண்டியது கிங்பின் பேரிங், அதாவது முன் வீல் திரும்புகிற அச்சின் பேரிங். டை ராடைக் கழற்றிவிட்டு, வீலைத் திருப்புகிற நக்கிளின் முனையில் கொக்கித் தராசை மாட்டி இழுத்துப் பாருங்கள். கையேட்டில் சொன்ன எடைக்குத்தான் அது அசைய வேண்டும். தொட்டதும் திரும்பினால் பேரிங் தேய்ந்திருக்கிறது, அல்லது ஷிம் (மெல்லிய தகடு) எடுத்து இறுக்க வேண்டும். அப்புறம் டோ-இன் (முன் டயர்கள் உள்நோக்கித் திரும்பியிருக்கிற அளவு), வீல் பேலன்ஸ். டயரை வெளியே தள்ளினால் சாலையில் இருக்கிற ஒவ்வொரு குழியும் கிங்பின்னை இன்னும் நீளமான நெம்புகோலால் தட்டும். ஏற்கெனவே தளர்ந்த மூட்டில் அதைச் செய்யக் கூடாது.


லேத்துக்காரர் (கணபதி, கோவை) எழுதியது:

வணக்கமுங்க. 28 வருடமாக லேத் ஓட்டுகிறேன், ஸ்பேசர் கேட்டு வாரத்துக்கு ஒருவராவது வருவார்கள். முதலில் ஒரு சின்ன சோதனை செய்யுங்கள், காசு செலவில்லை. முன் வீலில் ஒரு நட்டைத் தளர்த்திவிட்டு, கையால் கழற்றும்போது எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுங்கள். உங்கள் மரை 1.25 பிட்ச். அப்படியென்றால் 10 மி.மீ. பிளேட் சரியாக 8 சுற்றைத் தின்னும். ஸ்டட் எத்தனை தடிமனோ அத்தனை மி.மீ. ஆழத்துக்காவது நட்டு பிடித்திருக்க வேண்டும் என்பது நாங்கள் வைத்திருக்கிற கணக்கு. 12-ஐ 1.25-ஆல் வகுத்தால் 9.6, அதாவது பத்து சுற்று. இப்போது எண்ணி வருவதில் எட்டைக் கழித்துப் பாருங்கள், பத்து மிஞ்சுகிறதா என்று தெரிந்துவிடும்.

இன்னொரு குறையும் அந்த பிளேட்டில் உண்டு. ஹப்பின் நடுவில் வட்டமாக ஒரு விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும், ரிம் அதில்தான் உட்கார்ந்து மையம் பிடிக்கும். 10 மி.மீ. பிளேட் போட்டால் அந்த விளிம்பு உள்ளே மறைந்துவிடும். அப்புறம் வண்டியின் எடையைத் தாங்குகிற வேலையில் நட்டுகளின் கூம்பைத் தவிர வேறு துணை கிடையாது.

தனி ஸ்டட் உள்ள ஸ்பேசர்தான் சரி. அது ஹப்பில் ஐந்து நட்டால் பிடிக்கும், ரிம் அதன் மேல் வேறு ஐந்து நட்டால் பிடிக்கும். ஆனால் அதில் ஒன்று இருக்கிறது. பழைய ஸ்டட்டின் நீளம் ஸ்பேசரின் தடிமனுக்குள் அடங்க வேண்டும். அடங்காமல் அரை மில்லி வெளியே நின்றாலும் ரிம் ஸ்பேசர் முகத்தில் உட்காராது, ஸ்டட் நுனியில் உட்கார்ந்துவிடும். இறுக்கும்போது தெரியவே தெரியாது. அதனால்தான் 25-க்குக் கீழே இந்த வகையில் வாங்க யோசிக்க வேண்டும். உங்களுக்குத் தேவை எவ்வளவு என்று பார்ப்போம். 205-லிருந்து 235-க்குப் போனீர்கள், 30 மி.மீ. அகலம் கூடியது, உள் பக்கம் பாதி, 15. ஒடித்த நிலையில் சாய்வாகப் பார்ப்பதால் 30 மி.மீ. ஸ்பேசர் பட்டையிடம் முழு 30 இடைவெளி தராது, கொஞ்சம் குறைவாகத்தான் தரும். இருந்தாலும் 15-க்குத் தாராளம். அதற்கு மேல் போகவே வேண்டாம்.

லேத்தில் செய்வது பற்றிக் கேட்டீர்கள். என்னால் செய்ய முடியும், இருந்தும் பாதிக் காசுக்கு முடியாது. வார்ப்பு அலுமினியத்தில் உள்ளே கண்ணுக்குத் தெரியாத காற்றுக்குழி இருக்கும், அது இந்த வேலைக்கு ஆகாது. 6061-டி6 ராடு வேண்டும். நடு ஓட்டையும், ரிம் உட்காருகிற விளிம்பும், முகமும் சக்கில் ஒரே பிடியில் கடைய வேண்டும். கழற்றித் திருப்பிப் பிடித்தால் மையம் ஓடிவிடும், டயல் வைத்தால் காட்டிக்கொடுத்துவிடும். துளையைப் பஞ்ச் அடித்து ட்ரில்லிங் மிஷினில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது குருட்டு வேலை. விஎம்சி என்கிற கம்ப்யூட்டர் மிஷினில் போட வேண்டும். ஸ்டட் 10.9 கிரேடு, பல் வெட்டியது, பின்னாலிருந்து பிரஸ்ஸில் ஏற்ற வேண்டும், சுத்தியலால் அடித்து இறக்கக் கூடாது. இத்தனையும் செய்தால் நல்ல கம்பெனி ஸ்பேசர் விலையைத் தாண்டிவிடும். நான்கு பேருக்குச் செய்வதற்காக நான் ஃபிக்சர் போட முடியாதுங்க. வாங்கிக்கொள்ளுங்கள்.

வந்ததும் வெர்னியர் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஐந்து துளை என்பதால் நேர் எதிரே அளக்க முடியாது. பக்கத்துப் பக்கத்து ஸ்டட்டின் நடுவிலிருந்து நடுவுக்கு அளங்கள், 82.1 வர வேண்டும். அதை 0.5878-ஆல் வகுத்தால் 139.7. முன் ஹப்பில் லாக் மூடி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் அது ஸ்பேசர் ஓட்டையில் எங்கேயும் தொடாமல் போகிறதா என்று மாட்டிப் பாருங்கள். நட்டு உட்காருகிற அடித்தளம் 10 மி.மீ-க்குக் குறைந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். உள்ளே இருக்கிற குழியில் சாதாரண 19 சாக்கெட் நுழையாமல் போகலாம், சுவர் மெல்லிய சாக்கெட் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.


மழைக்காட்டு ஜிப்ஸி எழுதியது:

அண்ணன்களுக்கு ரொம்ப நன்றி. எண்ணிப் பார்த்தேன், 14 சுற்று வருகிறது. எட்டைக் கழித்தால் ஆறு. அந்த பிளேட் வேண்டவே வேண்டாம்.

கிங்பின்னையும் பார்த்தோம். இடப்பக்கம் தராசு முள் அசைவதற்குள்ளேயே நக்கிள் திரும்பிவிட்டது. மேல் பேரிங்கின் கப்பில் உருளை உட்காரும் இடத்திலெல்லாம் நகம் மாட்டுகிற அளவுக்குக் கோடு விழுந்திருந்தது. இரண்டு பக்கமும் மாற்றியாகிவிட்டது. 60-லும் 70-லும் இப்போது ஆட்டம் இல்லை. ஸ்பேசர் இல்லாமலே.

ஒரு சந்தேகம். உரசல் மட்டும்தான் மிச்சம் என்றால் நக்கிளில் இருக்கிற ஸ்டாப் போல்ட்டைச் சுற்றி வெளியே நீட்டி ஒடிப்பைக் குறைத்துவிடலாமா? அப்புறம் வண்டியை 2 அங்குலம் உயர்த்த ஆசை இருக்கிறது. ஸ்பேசர் அதற்கும் ஈடுகொடுக்குமா?


410 வைடுட்ராக் எழுதியது:

ஸ்டாப் போல்ட் நல்ல வழிதான், இலவசம். சமவெளியில் இருப்பவராக இருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். நீங்கள் இருப்பது வால்பாறை. ஒரே வீச்சில் திரும்புகிற வளைவில் எதிரே பஸ் வரும்போது பின்னால் எடுத்துத் திரும்ப வேண்டிவரும். முதலில் போல்ட்டை இரண்டு மூன்று சுற்று எடுத்து எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். பையனின் களிமண் கொஞ்சம் எடுத்துப் பட்டையில் உருண்டையாக ஒட்டிவிட்டு ஒடித்தால், நசுங்கிய தடிமனே மிச்ச இடைவெளி.

உயர்த்துவது பற்றி. 30 மி.மீ. ஸ்பேசர் போட்டால் முன் ட்ராக் (இரண்டு முன் டயர்களின் நடுவுக்கு நடு அகலம்) 1300-லிருந்து 1360 ஆகும், நூற்றுக்கு நாலரை சொச்சம். வண்டியின் கனம் நிற்கிற உயரம் தரையிலிருந்து 650 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், 50 மி.மீ. உயர்த்தினால் அது நூற்றுக்கு ஏழுக்கு மேல் கூடும். அதாவது ஸ்பேசர் கொடுத்ததையும் சேர்த்து லிஃப்ட் பிடுங்கிக்கொள்ளும். கவிழ்கிற விஷயத்தில் நீங்கள் இப்போது இருப்பதைவிட மோசமான இடத்துக்குப் போவீர்கள். 235 டயரே வண்டியை 30 மி.மீ-க்கு மேல் தூக்கிவிட்டது. அது போதும் தம்பி.

1993-ல் கம்பெனியே ஜிப்ஸியை 90 மி.மீ. அகலமாக்கியது. முன்னால் 1210 இருந்தது 1300 ஆனது, பின்னால் 1220 இருந்தது 1310 ஆனது. என் வண்டிப் பேரில் இருக்கிற டபிள்யூ அதைத்தான் சொல்கிறது. ஆனால் அவர்கள் அதை ஆக்சிலை நீட்டிச் செய்தார்கள், ஃபெண்டருக்கு வெளியே அகலமான ஃபிளேரும் வைத்தார்கள். நாம் செய்வது அது இல்லை, வீல் பேரிங்குக்கு வெளியே கனத்தைத் தள்ளுகிறோம். அதனால் பேரிங்கை ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஜாக்கி வைத்து ஆட்டிப் பார்க்க வேண்டும்.

போடுவதானால் நான்கு வீலுக்கும் போடுங்கள். முன்னால் மட்டும் போட்டால் சேற்றில் பின் டயர் வேறு தடத்தில் போகும். டயர் ஃபெண்டரைத் தாண்டி வெளியே வந்தால் ஆர்டிஓ கேள்வி கேட்கலாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு மாற்றங்களைப் பற்றியதுதான். இன்ஷூரன்ஸ்காரரிடமும் எழுத்தில் சொல்லிவிடுங்கள், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.


மழைக்காட்டு ஜிப்ஸி எழுதியது (மூன்று வாரம் கழித்து):

போட்டாயிற்று. நடந்ததைச் சொல்கிறேன், என்னைப் போல வேறு யாராவது தேடி வந்தால் உதவும்.

ஸ்டாப் போல்ட்டில் மூன்று சுற்று எடுத்ததும் இடப்பக்கம் உரசல் போய்விட்டது. வலப்பக்கம் களிமண் காகிதம் மாதிரி நசுங்கியது. அதற்கு மேல் எடுத்தால் அட்டகட்டி பக்கத்து வளைவில் ஒரே வீச்சில் திரும்பவில்லை. அதனால் போல்ட்டைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டு 30 மி.மீ. நான்கு வாங்கினேன்.

முதலில் வந்த பெட்டியின் மேல் ஜிப்ஸி என்றுதான் எழுதியிருந்தது. 410 அண்ணன் சொன்னது நினைவுக்கு வந்து, வண்டியிலிருந்து ஒரு நட்டைக் கழற்றி அந்த ஸ்பேசரின் ஸ்டட்டில் போட்டேன். இரண்டாவது சுற்றிலேயே நின்றுவிட்டது. 1.5 பிட்ச். திருப்பி அனுப்பி மாற்றி வாங்க ஒன்பது நாள் ஆனது.

பழைய ஸ்டட் 30-க்குள் அடங்கியது. ஹப் முகத்திலும் ட்ரம் முகத்திலும் கம்பி பிரஷ் போட்டு, அப்புறம் உப்புத்தாள் வைத்து, துணியில் தின்னர் நனைத்துத் துடைத்தேன். வலப்பக்கப் பின் ட்ரம்மில் ஸ்டட்டின் வேரைச் சுற்றித் துரு வளையமாக ஏறியிருந்தது. அதை விட்டிருந்தால் ஸ்பேசர் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கும். சின்ன உளியால் சுரண்டி எடுக்க ஒரு வீலுக்கே அரை மணி நேரம். ஹப் விளிம்பில் மட்டும் துரு பிடிக்காமல் இருக்க லேசாக கிரீஸ் தொட்டேன். மரையிலும் நட்டின் கூம்பிலும் எதுவும் படவில்லை. ஐந்து நட்டையும் கையால் உட்கார வைத்துவிட்டு, ஒன்று விட்டு ஒன்றாக நட்சத்திரம் போலச் சுற்றி, டார்க் ரெஞ்சில் கையேட்டு அளவுக்கு இறுக்கினேன். ரிம் போட்ட பிறகும் அதே மாதிரி.

50 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நான்கு வீலையும் கழற்றி உள் நட்டுகளைப் பார்த்தேன். இருபதில் பத்தொன்பது அசையவில்லை. முன் வலப்பக்கம் ஒன்று கால் சுற்று போனது. 500-இல் மறுபடி பார்த்தேன், எதுவும் நகரவில்லை.

ஸ்டீயரிங் நிறுத்தத்தில் முன்னைவிடக் கனமாக இருக்கிறது, குழியில் விழுந்தால் கைக்குக் கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறது. பட்டையில் உரசல் சுத்தமாக இல்லை. புதிதாக ஒன்று வந்திருக்கிறது: முழுசாக ஒடித்துப் பள்ளத்தில் இறங்கினால் டயரின் முன் விளிம்பு பம்பரின் மூலையைத் தொடுகிறது. கதவு முழுக்கச் சேறும் அடிக்கிறது.


லேத்துக்காரர் எழுதியது:

நல்லா செஞ்சிருக்கீங்க. டயர் வெளியே போனால் அது சுற்றுகிற வட்டமும் பெரிதாகும், அதனால்தான் பம்பர். மூலையை ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி, விளிம்பை உள்ளே மடித்துவிடுங்கள். வெட்டின இடத்தில் பிரைமர் அடிக்க மறக்காதீர்கள்.

அந்தக் கால் சுற்று போன நட்டை 1000 கிலோமீட்டரில் மறுபடி பாருங்கள். அதிலும் நகர்ந்தால் இறுக்கிவிட்டு விட்டுவிடாமல் அந்த ஸ்பேசரையே கழற்றி அடி முகத்தைப் பாருங்கள், எங்கேயாவது துரு மிச்சம் இருக்கும். பஞ்சர் கடையில் கொடுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். ஏர் கன்னில் அடிக்கவிடாதீர்கள். வீல் கழன்று கிடக்கிற அந்த ஐந்து நிமிடம்தான் உள் நட்டைப் பார்க்கக் கிடைக்கிற நேரம், டார்க் ரெஞ்ச் வண்டியிலேயே இருக்கட்டும்.


410 வைடுட்ராக் எழுதியது:

சேறுக்கு: ஃபிளேர் விளிம்பில் ஒட்டுகிற ரப்பர் பட்டை மீட்டர் கணக்கில் கிடைக்கும், 40 மி.மீ. அகலம் வாங்குங்கள். டயர் ஃபெண்டருக்குள் இருக்கிற மாதிரியும் ஆகும். ஒட்டுவதோடு விடாமல் ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு ரிவெட் அடித்துவிடுங்கள், வால்பாறை மழைக்கு வெறும் ஒட்டு ஒரு வாரம்தான் நிற்கும்.